சஞ்சார் சாத்தி: பெரம்பூர் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தது

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி என்ற போன் பாதுகாப்புத் தளத்தை ஒவ்வொரு குடும்பமும் ஒரு முறையாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும். காசு கிடையாது. அரை மணி நேரம் போதும். ஆனால் வயதானவர்கள் கையில் கொடுத்து 'நீங்களே பாருங்க' என்று விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் என் முடிவு.

நான் பெரம்பூரில் ஆயுள் காப்பீட்டு முகவர். பிரீமியம் ரசீது கொடுக்கவும், முதிர்வுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவும் கொளத்தூர், அயனாவரம், ஓட்டேரி, வியாசர்பாடி என்று வீடு வீடாகப் போகிறவள். எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் ஒரு போன் என் கைக்கு வந்துவிடும். "பாலிசி அம்மா, இந்த மெசேஜ் நிஜமா பாருங்க." கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம் என்று ஒன்று. வண்டிக்கு அபராதம், இந்த ஃபைலைத் திறந்து பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே, அதாவது திறந்தால் போனில் செயலியாக உட்கார்ந்துகொள்ளும் ஃபைல். உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் தயாராக இருக்கிறது, முன்பணம் கட்டினால் விடுவிப்போம் என்று இன்னொன்று. இந்தக் கடைசி வகைதான் எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை என்று காப்பீட்டு விளம்பரங்களின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இத்தனை நாள் எச்சரிக்கைக்குக் குறைவில்லை. யாருக்காவது போன் போட்டால், மணி அடிப்பதற்கு முன்பே சைபர் மோசடி பற்றிய அறிவிப்பு ஒலித்த மாதங்கள் நினைவிருக்கும். பிரதமர் 2024 அக்டோபரில் வானொலி உரையில் போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிற 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை என்று விளக்கிச் சொன்னார். எல்லாம் சரி. கேட்டுவிட்டு என் மாமியார் கேட்ட கேள்வி: "ஜாக்கிரதையா இருக்கணும்னு தெரியுது. இப்ப நான் எழுந்து போய் என்ன செய்யணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தப் பாதுகாப்புப் பாடமும் வீட்டுக்குள் நுழையாது என்று நினைக்கிறேன். பயத்தைக் கொடுத்துவிட்டு வேலையைக் கொடுக்காமல் விட்டால், மனுஷர் பயத்தோடு உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் மிரட்டிக் கூப்பிடுகிறவனுக்கு அந்தப் பயமே வசதியாகிவிடும்.

சஞ்சார் சாத்தி எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை அது கேட்கிறது: உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது?

இணையதளம் 2023 மே மாதம் வந்தது. செயலி 2025 ஜனவரியில். தளத்தில் நம் போன் எண்ணைக் கொடுத்து, படத்தில் இருக்கும் எழுத்துகளை அடித்து, வருகிற ஓடிபியைப் போட்டால் நம் பெயரில் வாங்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் வரும். எண்கள் முழுதாகத் தெரியாது, சில இலக்கங்களை மறைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: இது என் எண் இல்லை, இது எனக்கு இனி தேவையில்லை, இது எனக்குத் தேவை. அவ்வளவுதான்.

வைரஸ், ஃபிஷிங், மால்வேர் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற அத்தைகள்கூட இந்தப் பட்டியலைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார்கள். ஏனென்றால் இது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது போலத்தான். என் பெயரில் ஐந்து இருக்கிறதாமே, நான் வைத்திருப்பது ஒன்றுதானே, மற்ற நான்கும் யாரிடம்? இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. யாரோ ஒருவன் நம் ஆதார் நகலைக் காட்டி வாங்கிய சிம்மில் இருந்து இன்னொருவரை ஏமாற்றினால், போலீஸ் முதலில் தேடி வருவது நம் வாசலுக்கு. இதை நான் விளக்கவே வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் பெயரில் நம் மாநிலத்தில் அதிகபட்சம் 9 சிம் இருக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தத் தகவலைச் சொன்னதும் நான்கு தம்பிகளுக்கும் தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்திருந்த ஓட்டேரி இட்லிக் கடை அக்கா, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆனால் இந்த மூன்று பதில்களில்தான் ஆபத்தும் இருக்கிறது. தளம் இதைப் பற்றி இன்னும் நன்றாக எச்சரிக்கலாம். நம் வீடுகளில் சிம் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அப்பா பெயரில் பெண்ணுக்கு ஒன்று, மாமனார் பெயரில் மருமகளுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு முன் அண்ணன் வாங்கிக் கொடுத்தது இன்னும் தங்கையிடம். நடுவில் மறைந்திருக்கும் எண்ணைப் பார்த்து, 'தெரியலையே, நம்மது இல்லை' என்று ஒரு பெரியவர் அழுத்திவிட்டால், புகார் தொலைபேசி நிறுவனத்துக்குப் போகும். சரிபார்ப்பு நடக்கும். முடிவில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளின் எண் நின்றுபோகலாம். அந்த எண்ணில்தான் அவளுடைய வங்கி ஓடிபி வருகிறது, சம்பளக் கணக்கு இருக்கிறது. அதனால் நான் எல்லா வீட்டிலும் சொல்வது இதுதான்: பட்டியல் வந்ததும் எதையும் அழுத்தாதீர்கள். முதலில் அதை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணையும் ஒப்பிடுங்கள். யாருடையது என்று தெரியாத எண் இருந்தால் நெருங்கிய சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். ஒருவரும் உரிமை கொண்டாடாத எண்ணைத்தான் 'என்னுடையது இல்லை' என்று சொல்ல வேண்டும்.

'தேவையில்லை' என்பதையும் யோசித்துத்தான் அழுத்த வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய சிம், எப்போதோ ஒரு வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட பிரீபெய்ட் எண் நின்றுபோய், பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வேறொருவருக்கு நம் வங்கியின் குறுஞ்செய்தி போகும். அதனால் வங்கி, ஆதார், கேஸ் இணைப்பு, பாலிசி என எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிய பிறகுதான் சிம்மை விட வேண்டும். பாலிசியில் பழைய எண்ணே கிடப்பதால் முதிர்வுத் தொகை பற்றிய தகவல் போய்ச் சேராத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பேச்சு பல இடங்களில் பாதுகாப்பைத் தாண்டிப் போய்விடுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அயனாவரத்தில் ஒரு வீடு. கணவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து சில காலம் ஆகிறது. அந்த அம்மா கையில் இருக்கும் எண், வங்கிக்குக் கொடுத்த எண், குடும்ப ஓய்வூதியத்துக்குக் கொடுத்த எண் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அது கணவர் பெயரில் இருக்கிறது. எந்த எண்ணில் நுழைகிறோமோ, அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பட்டியல்தான் தளத்தில் வரும். அந்த அம்மாவின் பெயரில் ஒரு சிம்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. நாளை அந்த சிம் தொலைந்தால், மாற்று சிம் வாங்கக் கடைக்குப் போனால், 'உங்க வீட்டுக்காரர் வரணும்மா' என்று சொல்வார்கள். "அவர் எங்கப்பா வருவாரு" என்று அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அந்த வாரமே மகன் இறப்புச் சான்றிதழோடு அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போய் எண்ணை அவர் பெயருக்கு மாற்றிவிட்டார். ஒரு எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதன் சாவி. இதை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தரும் வாய்ப்பை இந்தச் சேவை கொடுத்தது. ஆனால் தன் பெயரில் சிம்மே இல்லாத பெண்கள், தன் பெயரில் வேறு யாரும் சிம் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க இதில் சுலபமான வழி இல்லை. பெரிய குறை இது. நான் போகிற வீடுகளில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

அடுத்து, தொலைந்த போனை முடக்கும் வசதி. போன் திருடு போனால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண்ணைக் கொடுத்து முடக்கச் சொல்லலாம். முடக்கிவிட்டால் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்த போன் இந்தியாவில் வேலை செய்யாது. போன் கிடைத்துவிட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம். இதற்குக் காவல் நிலையப் புகார் நகல் வேண்டும், நம்மூரில் சிஎஸ்ஆர் ரசீது என்று சொல்வோமே, அது. கூடவே அதே எண்ணில் மாற்று சிம்மும் வாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் ஓடிபி அதில்தான் வரும். எல்லாம் நியாயமான நிபந்தனைகள்தான். சிக்கல் வேறு இடத்தில். போன் போன பிறகு ஐஎம்இஐ எண்ணுக்கு எங்கே போவது? போனை வாங்கிய பெட்டி எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். அதனால் போன் கையில் இருக்கும்போதே *#06# என்று அடித்து, வருகிற எண்ணை வீட்டில் எல்லோருடைய போனுக்கும் எழுதி வைத்துவிட வேண்டும். நான் பாலிசி பத்திரம் வைக்கும் கவரின் உள்பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். வீட்டில் எது தொலைந்தாலும் அந்தக் கவர் தொலையாது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு தங்கமான வசதி இருக்கிறது. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ பேரம் பேசும்போதே, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த போனின் ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் விவரம் வரும். திருட்டு என்று முடக்கப்பட்டதா, எண்ணை மாற்றி வைத்ததா என்று காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளலாம். காலேஜ் சேரும் பிள்ளைக்குக் குறைந்த விலையில் போன் தேடும் பெற்றோர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, சக்ஷு. 2024 மார்ச்சில் தொடங்கியது. சந்தேகமான அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி வந்தால் இங்கே புகார் செய்யலாம். கடந்த 30 நாட்களுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். வங்கி, மின்சாரம், கேஸ், காப்பீடு பெயரில் வருகிற போலிச் செய்திகளுக்குத் தனி வகை இருக்கிறது. இதன் நோக்கம் நல்லது. ஆனால் குடும்பங்களை அதிகம் குழப்புவதும் இதுதான். பணம் போய்விட்டால் புகார் செய்கிற இடம் இது இல்லை. பணம் போன அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும், அல்லது மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். அது எடுக்கப்படுவதற்கு முன்னால் வங்கிகள் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் ஒருவர் சக்ஷுவில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால்? தளத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை நடுங்குகிற நேரத்தில் யாரும் பத்தி பத்தியாகப் படிக்க மாட்டார்கள். முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் 'பணம் போய்விட்டதா? 1930' என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும். நான் போகிற வீடுகளில் இப்போதைக்கு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுகிறேன்.

செயலி வேண்டுமா, இணையதளம் போதுமா என்று கேட்பவர்களுக்கு: பெரியவர்களுக்கு இணையதளமே போதும் என்பது என் கருத்து. 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் புது போன்களிலும் இந்தச் செயலியை முன்கூட்டியே போட்டுத்தர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. தனியுரிமை பற்றிப் பெரிய எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 3ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை அரசே விலக்கிக்கொண்டது. விலக்கியது சரியான முடிவு. ஆண்ட்ராய்டில் இந்தச் செயலி அழைப்பு, எஸ்எம்எஸ் விவரங்கள், கேமரா என்று சில அனுமதிகளைக் கேட்கிறது. புகார் செய்ய அவை தேவைப்படலாம். ஆனால் 'எந்தச் செயலி எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டாலும் உடனே கொடுக்காதீங்க' என்று மூச்சு முட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதற்கு மட்டும் கொடுங்கள் என்று எழுபது வயது அத்தையிடம் எப்படிச் சொல்வது? விதி ஒன்றாக இருந்தால்தான் மனதில் நிற்கும். சிம் பட்டியல் பார்ப்பதும் போனை முடக்குவதும் இணையதளத்திலேயே முடிந்துவிடுகின்றன. வீட்டில் இளையவர்கள் யாராவது ஒருவர் போனில் செயலி இருந்தால் போதும். தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தித் திறக்காமல், நீங்களே அடித்துப் போங்கள். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' என்று இருக்கிறதா என்று பெரியவர்களிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழில் இருக்கிறதா என்றால், செயலியில் தமிழ் உண்டு. அது நல்ல விஷயம். ஆனால் அரசாணைத் தமிழ். ஒரு வரியைப் படித்துவிட்டு "அதாவது என்ன சொல்றாங்க?" என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். மின் கட்டண அட்டையையும் பேருந்துப் பலகையையும் தடையில்லாமல் படிக்கிறவர்கள் இவர்கள். குறை அவர்களிடம் இல்லை.

இந்தச் சேவை செய்யாத வேலைகளும் இருக்கின்றன. அதற்காக இதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப் கணக்கை இது காக்காது. அதற்கு வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படி சரிபார்ப்பைப் போட்டு, 6 இலக்க ரகசிய எண் (பின் நம்பர்) ஒன்றை வைக்க வேண்டும். பிறந்த தேதி வேண்டாம். யுபிஐ பற்றி இதில் ஒன்றும் இல்லை. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை, பின் நம்பர் கேட்டால் நம் கணக்கில் இருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையத்தின் தளத்துக்கோ செயலிக்கோதான் போக வேண்டும். கூப்பிடுகிறவர் உண்மையில் வங்கியா என்று அறிய, வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். சாதாரண 10 இலக்க எண்ணில் இருந்து வரும் கரண்ட் பில் மிரட்டல் போலி என்பதைச் சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்கிறது. இவற்றை எல்லாம் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். முதல் நாள் சிம் பட்டியல் மட்டும். அது ஓடிபிக்கு வேர், அது சரியாக இல்லாமல் மற்றதைப் பூட்டிப் பயனில்லை. அடுத்த வாரம் வாட்ஸ்அப். அப்புறம் பணம்.

மதிப்பெண் போடச் சொன்னால், சிம் பட்டியலுக்கு 5க்கு 4. தொலைந்த போன் முடக்கத்துக்கும் 4. பழைய போன் சரிபார்க்கும் எஸ்எம்எஸ் வசதிக்கு முழு 5. சக்ஷுவுக்கு 3, அந்த 1930 குழப்பம் தீர்ந்தால் கூட்டிப் போடலாம். தமிழுக்கு 2.

தொலைத்தொடர்புத் துறையிடம் ஒரு கோரிக்கை. இதே சிம் பட்டியலை எங்கள் ஊர் இ-சேவை மையங்களில் கைரேகை வைத்துப் பார்க்கிற வசதி வர வேண்டும். தன் பெயரில் சிம் இல்லாத பெண்களும், பொத்தான் போன் வைத்திருக்கிறவர்களும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியும். வியாசர்பாடியில் பட்டியலைப் பார்க்கவே முடியாமல் போன வீடுகளின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வசதி வருகிற அன்று முதலில் அவர்களைத்தான் அழைத்துப் போவேன்.